தம்பி ‘ரூல்ஸ் வைத்துத்தான் கஞ்சா பிடிக்கிறேன்’ என்கிறான், நம்பலாமா?

கேள்வி பாலக்கோட்டிலிருந்து வந்தது. சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவரின் தம்பிக்கு 23 வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கஞ்சா பிடிக்கிறான் என்று தெரிந்து அக்கா கேட்டபோது, ‘நான் அடிக்ட் இல்லை அக்கா, சனிக்கிழமை மட்டும்தான். எனக்கென்று ரூல்ஸ் இருக்கு’ என்றானாம். ஆபத்தைக் குறைத்துக்கொண்டு பிடிப்பது என்று ஒன்று உண்டா, அவன் பேச்சை நம்பலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இதையும் எழுதியிருக்கிறார்: நைட் ஷிப்ட் போட்டதிலிருந்து தூக்கத்துக்காக வார நாளிலும் பிடிக்கிறான் போலிருக்கிறது, பக்கத்து ரூம்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னான், எங்கள் தாய்மாமா ஒருவர் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்.

அம்மா, அந்தக் கடைசி வரிகளால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன், தம்பி சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். தர்மபுரியில் பல வருடமாகப் போதை மீட்பு ஆலோசகராக இருக்கிறேன். கஞ்சா பிடித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களில் ரூல் இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. சம்பளம் வாங்கிய வாரம் மட்டும் என்பார் ஒருவர். சரக்கோடு சேர்க்கமாட்டேன் என்பார் இன்னொருவர். சபரிமலைக்கு மாலை போட்டால் கழற்றும்வரை தொடாதவர்கள் உண்டு. தொப்பூர் இறக்கம் தாண்டும்வரை கையில் எடுக்கவே மாட்டேன் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். தன் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து அந்த ரூலை வைத்திருந்தார்.

ஆக, பிடிக்கிறவர்களும் ஆபத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். கேள்வி எல்லாம் எந்த ஆபத்தைப் பற்றி என்பதில்தான். உட்கார்ந்து கேட்டுப் பார்த்தால் அவர்கள் ரூல் இரண்டு வகையாகப் பிரியும். ஒன்று, மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான ரூல். தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்குவது, ரூமில் பிடிக்காமல் மாந்தோப்புப் பக்கம் போவது, கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து, வாய்க்கு ஏலக்காய், சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது. இன்னொன்று, உடம்பையும் மனசையும் காப்பதற்கான ரூல். நம் ஊர்ப் பையன்களின் ரூலில் பத்துக்கு எட்டு முதல் வகைதான். போலீஸ் பயமும் வீட்டுப் பயமும் இருக்கிற இடத்தில் அது இயல்பு. ஆனால் அந்த எட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவன் ‘நான் கன்ட்ரோலில் இருக்கிறேன்’ என்று உண்மையாகவே நம்பிவிடுகிறான். மாட்டவில்லை என்பதை ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாவது வகையைப் பற்றி உலகத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் ஆய்வாளர்கள் 2011-ல் ‘ஆபத்து குறைந்த பயன்பாடு’ என்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டு, 2017-லும் 2022-லும் திருத்தினார்கள். 2018 அக்டோபரில் அந்த நாட்டில் பெரியவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி ஆனது. இங்கே அப்படி இல்லை. ஆனால் கஞ்சா ஓசூரில் பிடித்தாலும் டொரண்டோவில் பிடித்தாலும் உடம்பில் செய்கிற வேலை ஒன்றுதான். அந்த வழிகாட்டுதலின் முதல் வரி, தொடாமலே இருப்பதுதான் ஆபத்தில்லாத ஒரே வழி என்பது. அதற்கு அடுத்த வரிகள், அந்தப் பேச்சைக் கேட்காதவர்களுக்கு.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது நாள் கணக்கு. ஒரு தடவைக்கு எத்தனை இழுப்பு என்பதைவிட, வாரத்தில் எத்தனை நாள் என்பதுதான் எதிர்காலத்தைச் சொல்லும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்பது ஒரு நிலை. தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் என்று ஆகிவிட்டால் ஞாபகம், வேலை, மனநிலை எல்லாவற்றிலும் பாதிப்பு வேகமாக ஏறுகிறது. அப்புறம் வயது. கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 9 பேர் அடிமையாகிறார்கள் என்பது பழைய கணக்கு; பள்ளிக்கூட வயதிலேயே ஆரம்பித்தவர்களில் அது ஆறில் ஒருவர் அளவுக்குப் போகிறது. தம்பி எந்த வயதில் ஆரம்பித்தான் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓசூருக்குப் போன பிறகா, பாலிடெக்னிக்கிலா, பத்தாவதிலா என்பது பெரிய வித்தியாசம்.

அடுத்தது வீரியம். போதையைத் தருவது டி.எச்.சி என்ற பொருள். சி.பி.டி என்ற இன்னொரு பொருளும் செடியில் இருக்கிறது, அது போதை தராது. டி.எச்.சி குறைந்த கஞ்சாவாகப் பார்த்து எடு என்கிறது அந்த வழிகாட்டுதல். அங்கே கடையில் வாங்கும் டப்பாவின் மேல் சதவீதம் அச்சடித்திருக்கும். நம் ஊர்ப் பொட்டலம் நியூஸ் பேப்பரில் மடித்து வருகிறது, அதில் என்ன எழுதியிருக்கும்? போன வாரம் நான்கு இழுப்பு தாங்கியவனை இந்த வாரப் பொட்டலம் இரண்டு இழுப்பிலேயே கீழே தள்ளலாம். அதனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் புதுசாக நினைத்து, ஒரு சின்ன இழுப்போடு நிறுத்தி, கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று இருப்பவன் கொஞ்சமாவது காப்பாற்றிக்கொள்கிறான். மாலை போட்டு ஒரு மண்டலம் நிறுத்தியிருந்தவனுக்கும் இதேதான். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், பழைய அளவு அவனுக்கு இப்போது அதிகம்.

சிலர் சாக்லேட், லட்டு என்று சாப்பிடுகிறார்கள். புகை இல்லை, நுரையீரல் தப்பித்தது என்பது உண்மைதான். ஆனால் புகைத்தால் சில நிமிடத்தில் ஏறுவது, சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். ‘இன்னும் ஏறவே இல்லையே’ என்று இரண்டாவது துண்டைப் போடுகிறார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து வந்து ராத்திரி முழுக்க நெஞ்சு படபடப்பு, செத்துவிடுவேன் என்ற பயம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இது இன்னும் மோசம். குழந்தைக்கு அது வெறும் சாக்லேட். தெரியாமல் தின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

புகையைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. நெஞ்சுக்குள் அடக்கி வைத்தால்தான் ஏறும் என்பார்கள், சிலும் என்ற மண் குழாயில் பிடிக்கிறவர்கள் இதில் போட்டியே போடுவார்கள். ஏற வேண்டியது முதல் சில நொடிகளிலேயே ஏறிவிடும். அதற்கு மேல் அடக்கினால் உள்ளே சேர்வது தார் மட்டும்தான். இன்னொன்று, பீடியைப் பிரித்துத் தூளைக் கஞ்சாவோடு கலப்பது. இங்கே அது சாதாரணம், யாரும் அதைத் தனிப் பழக்கமாக எண்ணுவதுகூட இல்லை. ஆனால் புகையிலையின் பிடி கஞ்சாவின் பிடியைவிட இறுக்கமானது. சனிக்கிழமை ரூல் அப்படியே இருக்கும், ஞாயிறிலிருந்து வெள்ளிவரை நாளுக்குப் பத்து பீடி என்று ஒரு புதுப் பழக்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிக் கஞ்சாவை விட்டுவிட்டுப் பீடியை விட முடியாமல் தவிப்பவர்கள் என்னிடம் எத்தனையோ பேர். வேப் என்ற மின்சிகரெட் கருவியில் கஞ்சா எண்ணெய் ஊற்றி இழுத்தால் பாதுகாப்பு என்று பெங்களூர் போய்வரும் பையன்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட கலப்பட எண்ணெயால் நுரையீரல் கெட்டு 2,800 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சா மாதிரியே ஏறும் என்று சொல்லி விற்கிற செயற்கை ரசாயனங்கள் இன்னும் மோசம். அவற்றின் பக்கமே போகக்கூடாது.

வண்டி. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. கஞ்சா ஏறிய நிலையில் ஓட்டினால் விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்கின்றன ஆய்வுகள். சரக்கடித்தவனுக்காவது தள்ளாடுவது தெரியும். கஞ்சா பிடித்தவன் தான் நிதானமாக ஓட்டுவதாகவே நினைப்பான். அவன் கை பிரேக்குக்குப் போகும் நேரம் மட்டும் பிந்திப்போகும். புகைத்த பிறகு 6 முதல் 8 மணி நேரம், சாப்பிட்டிருந்தால் 8 முதல் 12 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது. ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்கு உங்கள் தம்பி சனி ராத்திரி பைக்கில்தான் வருகிறான் என்றால், அவன் ரூல்களில் முதலில் சேர வேண்டியது இதுதான். ஷிப்டில் மெஷினுக்கு முன்னால் நிற்பதும் வண்டி ஓட்டுவது மாதிரிதான், பிரஸ் மெஷினுக்கு விரலும் இரும்பும் ஒன்று. ஒகேனக்கல்லில் போய்ப் பிடித்துவிட்டுப் பாறையில் இறங்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தண்ணீரும் வழுக்குப் பாறையும் இருக்கிற இடம், பிடிக்காதவனுக்கே அங்கே கால் நிற்காது.

சரி, இப்போது நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒருவனுக்கு ரூல் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை, அந்த ரூல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறேன். கட்டுக்குள் இருப்பவனின் ரூல் நின்ற இடத்தில் நிற்கும், அல்லது இறுகும்: ‘முன்பு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று.’ நழுவுகிறவனின் ரூலுக்குக் கால் முளைத்துவிடும். சனிக்கிழமை மட்டும் என்பது வெள்ளி ராத்திரியும் சனிதானே என்று ஆகும். நண்பர்களோடு மட்டும் என்பது தனியாகவும் என்று ஆகும். வேலை முடிந்த பிறகு என்பது வேலைக்குப் போகும் முன் ஒரு இழுப்பு என்று ஆகும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும், கேட்டால் நீங்களே தலையாட்டுவீர்கள். அவ்வளவு மெதுவாக நடப்பதால் அவனுக்கே தெரியாது.

உங்கள் தம்பியின் ரூல் நகர்ந்திருக்கிறது. தூக்கத்துக்காக வார நாளிலும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சின்ன விஷயம் இல்லை. குஷிக்காகப் பிடிப்பது மருந்தாகப் பிடிப்பதாக மாறும் இடம் அது. மருந்து என்று ஆகிவிட்டால் நாளுக்கு ஒரு வேளை என்று தானாக ஆகிவிடும், நாள் கணக்கு என்ற ரூலுக்கு அங்கே வேலை இல்லை. கஞ்சா முதலில் சீக்கிரம் தூங்க வைக்கும் என்பது சரிதான். சில வாரத்தில் உடம்பு பழகிவிடும், பழைய அளவு போதாது. நிறுத்தினாலோ தூக்கமே வராது, வந்தாலும் பயங்கரக் கனவுகள். ‘பார், இது இல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை’ என்று அதையே ஆதாரமாகக் காட்டுவான். அந்தத் தூக்கமின்மையைக் கொண்டுவந்ததே கஞ்சா என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவது கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஜன்னலுக்குக் கனமான துணி, ஷிப்டின் கடைசி நான்கைந்து மணி நேரத்தில் டீ காபி இல்லாமல் இருப்பது, ரூம்காரர்களோடு நேரம் பேசி வைத்துக்கொள்வது, முடிந்தால் சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்பது, இதெல்லாம் முதலில் செய்ய வேண்டியவை.

இனி அந்தக் கடைசி வரிகள். மேலே எழுதிய எல்லாம் பொதுவானது, உங்கள் தம்பிக்கு அது பொருந்தாமல் போகலாம். ஏனென்றால் அதே வழிகாட்டுதல் இரண்டு பேரைத் தனியே எடுத்து, இவர்கள் தொடவே கூடாது என்கிறது. ஒன்று கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள். இன்னொன்று, தனக்கோ தன் ரத்த உறவிலோ மனச்சிதைவு மாதிரியான நோய் வந்தவர்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து மிக அதிகம். தாய்மாமா அதற்கு ஒரு படி தள்ளித்தான், ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய உறவு இல்லை. மாமாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் பெயர் சொன்னார் என்பதை அம்மாவிடம் கேட்டுவையுங்கள், பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துவையுங்கள். ஐரோப்பாவில் பல நகரங்களில் நடந்து 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினமும் பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு மாதிரியான மனநோய் வரும் வாய்ப்பு பிடிக்காதவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வீரியம் அதிகமானதைத் தினமும் பிடித்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பிடிக்கிற எல்லோருக்கும் மனநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் குடும்பத்தில் விதை இருந்து, தினப் பழக்கமும் சேர்ந்து, பக்கத்து ரூமில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சந்தேகமும் வந்துவிட்ட ஒருவனுக்கு, குறைத்துப் பிடி என்ற ஆலோசனையை நான் சொல்லமாட்டேன். அவனுக்கு ஆபத்து குறைந்த அளவு பூஜ்யம்தான்.

அந்தச் சந்தேகம் எப்போது வந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. போதையில் மட்டும் வந்து இறங்கியதும் போய்விட்டதா, பிடிக்காத நாளிலும் இருக்கிறதா? போதையில் மட்டும் என்றாலும் அது எச்சரிக்கைதான். பிடிக்காத நாளிலும் இருக்கிறது, குரல் கேட்கிறது, செல்லில் யாரோ வேவு பார்க்கிறார்கள் என்கிறான், சாப்பிட மறுக்கிறான் என்றால் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அன்றே. நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் நன்றாகத் தேறுகிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கப் போய் ஆறு மாதம் கழித்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தைத் திரும்ப வாங்க முடியாது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தம்பி ஓசூரில் இருப்பதால் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அவனுக்குப் பக்கம், அங்கே போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. போவதற்கு முன் போனில் பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற இலவச மனநல எண், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று மத்திய அரசின் எண் 14446.

டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போகுமோ என்று பயப்படுவான். எல்லோரும் பயப்படுகிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தில் பிடித்ததற்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒரு கிலோ வரையிலான சிறிய அளவு கையில் இருந்தால் ஒரு வருடம் வரை. வாங்குவது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது எல்லாம் ஒரே பிரிவு, எடையை வைத்துத்தான் தண்டனை. ரூமில் நான்கு பேர் காசு போட்டு ஒருவன் போய் வாங்கிவருகிறான் என்றால் நான்கு பேரின் ஆபத்தும் அந்த ஒருவன் பையில்தான் இருக்கிறது. அந்த ஒருவன் உங்கள் தம்பியா என்று பாருங்கள். அதே சட்டத்தின் 64-ஏ பிரிவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: பிடித்ததற்கோ சிறிய அளவுக்கோ வழக்கில் சிக்கிய பழக்க அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

எப்படிப் பேசுவது? ரூமுக்குப் போன் போட்டுத் திட்டாதீர்கள். வீட்டுக்கு வருகிற வாரம், சாப்பிட்டு முடித்த பிறகு, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ‘உன் ரூல் என்ன என்று சொல், நான் கேட்கிறேன்’ என்று ஆரம்பியுங்கள். அவன் இதை எதிர்பார்க்கமாட்டான். ஒவ்வொரு ரூலையும் கடைசியாக எப்போது மீறினான், ஏன் மீறினான் என்று கேளுங்கள். அதிலேயே அவனுக்குத் தெரிய ஆரம்பிக்கும். மாமாவைப் பற்றியும் சொல்லுங்கள். பல வீடுகளில் பையன்களுக்கு அந்த விஷயமே சொல்லியிருக்கமாட்டார்கள், கல்யாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று மூடி வைத்திருப்பார்கள். அவன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவன்.

நிறுத்த ஒப்புக்கொண்டால் முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஓரிரு நாளில் எரிச்சல் ஆரம்பிக்கும், பசிக்காது, தூக்கம் வராது, வியர்க்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெதுவாக இறங்கும். அந்த நாட்களில் லீவு போட்டு வீட்டில் இருந்தால் நல்லது. கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படாதீர்கள். தூக்கத்துக்குச் சரக்கைத் தொட விடாதீர்கள், மெடிக்கலில் தூக்க மாத்திரையைத் தானாக வாங்க விடாதீர்கள், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் உறவை அறுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சந்தேகம் திரும்ப வந்தால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் வாக்கு வாங்குங்கள். வண்டி ஓட்டுவது, தினமும் பிடிப்பது, சரக்கோடு கலப்பது என்ற மூன்றும் வேண்டாம் என்று கேளுங்கள். அவன் ரூமில் இருக்கும் இன்னொரு பையனின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பார்க்க மறுத்தாலும் எழுதுங்கள், நான் அவனோடு போனில் பேசுகிறேன்.